பள்ளிப் பிள்ளைகளும் போதையும்: டிவியில் காட்டுவதும் நம் தெருவில் நடப்பதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பெங்களூரு அல்சூரில் 14 வருஷமாக மாலை டியூஷன் எடுக்கிறேன். எட்டாவது முதல் பத்தாவது வரை, பெரும்பாலும் தமிழ் வீட்டுப் பிள்ளைகள், மர்பி டவுன், ஜோகுபாளையா, கேம்பிரிட்ஜ் லேஅவுட் பக்கமிருந்து வருகிறவர்கள். டிவியில் போதைப்பொருள் செய்தி வந்தால் மறுநாள் சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போக வரும் அம்மாக்கள் வாசலிலேயே நின்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. நான் டாக்டரும் இல்லை, போலீஸும் இல்லை. ஆனால் என் வகுப்பிலேயே ஒரு பையன் இதில் மாட்டினான், நான் அதைக் கண்ணால் பார்த்தும் புரிந்துகொள்ளாமல் இரண்டு மாதம் விட்டுவிட்டேன். அதற்கப்புறம் படித்தது, அவன் அம்மாவோடு நிமான்ஸ் மனநல ஆஸ்பத்திரி வரை அலைந்தது, அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டது எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஸ்கூல் வாசலில் ஸ்ட்ராபெரி வாசனையில் போதை மிட்டாய் கொடுக்கிறார்களாமே, எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் வந்திருக்கிறதே, உண்மையா?

இல்லை. இந்த மெசேஜ் 2007 வாக்கில் அமெரிக்காவில் கிளம்பியது. 'ஸ்ட்ராபெரி குயிக்' என்று பெயர். மெத் என்கிற போதைப்பொருளில் சிவப்புச் சாயமும் பழ வாசனையும் சேர்த்துச் சின்னப் பிள்ளைகளிடம் மிட்டாய் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பது கதை. அங்கேயே அதிகாரிகள் தேடிப் பார்த்தார்கள், பிள்ளைகளுக்கு அப்படிக் கொடுத்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அதற்கும் முன்னால், 1980-களில், 'நீல நட்சத்திர ஸ்டிக்கர்' என்று ஒன்று சுற்றியது, தோலில் ஒட்டினால் எல்.எஸ்.டி. என்கிற போதைப்பொருள் உடம்பில் ஏறிவிடும் என்று ஜெராக்ஸ் எடுத்து ஸ்கூல் ஸ்கூலாகக் கொடுத்தார்கள். அதுவும் பொய்தான். இப்போது ஊர்ப் பெயரையும் ஆஸ்பத்திரிப் பெயரையும் மட்டும் மாற்றி நமக்கு வருகிறது.

இதனால் என்ன நஷ்டம், ஜாக்கிரதையாக இருந்தால் நல்லதுதானே என்று கேட்கிறீர்கள். நஷ்டம் இருக்கிறது. பிள்ளைக்கு முதல் தடவை நீட்டுகிறவர் பெரும்பாலும் முகம் தெரியாத ஆள் இல்லை. கூடப் படிக்கிறவன், ஒரு வகுப்பு மேலே இருக்கும் அண்ணன், சாயங்காலம் கேரம் ஆடுகிற இடத்துப் பசங்கள், சில வீடுகளில் விசேஷத்துக்கு வந்த சித்தப்பா. "தெரியாதவங்க எது கொடுத்தாலும் வாங்காதே" என்று சொல்லி அனுப்புகிறோம், பிள்ளையும் தலையாட்டுகிறது. நன்றாகத் தெரிந்தவன், பிடித்தவன், அவன் நீட்டும்போது முகம் முறியாமல் எப்படி வேண்டாம் என்பது? அதை நாம் சொல்லித்தரவே இல்லை.

அப்படியென்றால் இங்கே ஸ்கூல் பிள்ளைகளிடம் இந்தப் பழக்கமே கிடையாதா?

இருக்கிறது. பெங்களூரு உட்பட 10 நகரங்களில் எட்டாவது, ஒன்பதாவது, பதினொன்றாவது, பன்னிரண்டாவது மாணவர்கள் சுமார் 5,900 பேரிடம் டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் தலைமையில் ஒரு ஆய்வு எடுத்தார்கள். புகையிலை, மது எல்லாம் சேர்த்தே, வாழ்நாளில் ஒரு தடவையாவது ஏதாவது ஒன்றைத் தொட்டவர்கள் 15 சதவீதம். கடைசி ஒரு மாதத்தில் தொட்டவர்கள் 7 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே.

100 பேரில் 85 பேர் தொட்டதே இல்லை என்பதை ஒரு நிமிஷம் யோசியுங்கள். "இப்போ எல்லாப் பசங்களும் இப்படித்தான் ஆயிட்டாங்க" என்று டிவி பார்த்தபடி நாம் சத்தமாகச் சொல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதும் பிள்ளை அதைக் கேட்கிறது. எல்லாரும் செய்கிறார்கள், நான்தான் பாக்கி என்று அதன் மனதில் பதிகிறது. பதின்மூன்று வயதில் 'எல்லாரும்' என்ற சொல்லுக்கு இருக்கும் பலம் நமக்கு மறந்துவிட்டது.

இன்னொரு எண்ணும் அதே ஆய்வில் இருக்கிறது. முதல் தடவை தொட்ட வயது, சராசரியாக 12.9. அதாவது ஏழாவது, எட்டாவது. நாமோ காலேஜ் போனதும் கண்காணித்தால் போதும் என்று இருக்கிறோம்.

டிவியில் கொகெய்ன், எம்.டி.எம்.ஏ. என்கிறார்களே, பிள்ளைகள் கைக்கு உண்மையில் வருவது எது?

2020 செப்டம்பரில் இங்கே கன்னட நடிகைகள் இருவர் கைதானபோது வாரக்கணக்கில் அதே செய்தி ஓடியது. 2021 அக்டோபரில் மும்பை சொகுசுக் கப்பல் விவகாரம், ஒரு பெரிய நடிகரின் மகன் மூன்று வாரத்துக்கு மேல் உள்ளே இருந்தார், அடுத்த மே மாதம் போதைப்பொருள் தடுப்புப் பிரிவு தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் அவர் பெயரே இல்லை. கைது ஆன அன்று எத்தனை மணி நேரம் காட்டினார்கள், பெயர் இல்லை என்று வந்த அன்று எத்தனை நிமிஷம் காட்டினார்கள் என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். இந்தச் செய்திகளில் இருந்து நம் மனதில் ஒரு படம் நின்றுவிட்டது: வெள்ளைப் பவுடர், பார்ட்டி, வண்ண விளக்கு, பணக்காரப் பையன், வெளிநாட்டு ஆள்.

நம் பிள்ளைகள் கைக்கு வருவது வேறு. முதலில் புகையிலை. 13 முதல் 15 வயது மாணவர்களிடம் 2019-ல் இந்தியா முழுக்க எடுத்த கணக்கெடுப்பில் 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் அப்போது புகையிலை பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். பையன்கள் 9.6, பெண் பிள்ளைகள் 7.4. பெண் பிள்ளை வைத்திருக்கும் அம்மாக்கள் அந்த இரண்டாவது எண்ணைத் திரும்பப் படியுங்கள். உதட்டுக்குள் அடக்கிவைக்கும் சின்னப் பொட்டலத்தில் புகையும் வராது, வாசனையும் புதினா மாதிரி இருக்கும், வகுப்பில் உட்கார்ந்தபடியே போட்டுக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் பள்ளி மாணவர்களிடம் 'கூல் லிப்' என்கிற இந்த மாதிரிப் பொட்டலம் பரவுவதைப் பற்றி 2024-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையே கவலைப்பட்டுக் கேள்வி கேட்டது. கர்நாடகத்தில் 2013-லேயே குட்காவுக்குத் தடை வந்தாயிற்று, ஆனால் பாக்கு ஒரு பாக்கெட், புகையிலை ஒரு பாக்கெட் என்று தனித்தனியாகச் சரம் சரமாகத் தொங்குகிறது. பள்ளிக்கூடத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது, 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு எங்கேயும் விற்கக்கூடாது என்று 2003-ல் சட்டம் போட்டார்கள், கர்நாடகத்தில் 2025-ல் அந்த வயதை 21 ஆக்கிவிட்டார்கள். நம்ம ஊர் பேக்கரி வாசலில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். டீ, பன், அதே கல்லாவில் சிகரெட், சீருடையோடு பசங்கள்.

அப்புறம் மது, அதுவும் பெரும்பாலும் வீட்டு பாட்டிலில் இருந்து. அப்புறம் மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கும் வலி மாத்திரை, தூக்க மாத்திரை. கஞ்சா உண்டு, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை, பெரிய பையன்களிடம் இருக்கிறது. கொகெய்ன், எம்.டி.எம்.ஏ. எல்லாம் எண்ணிக்கையில் ரொம்பக் கீழே. கடைசியாக, யாரும் காட்டாத ஒன்று: வைட்னர், தின்னர், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன்.

வைட்னரா? அது நோட்டில் போடுவதுதானே?

அதேதான். இது பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன்.

மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் எடுத்த தேசிய கணக்கெடுப்பு 2019-ல் வெளிவந்தது. அதில் எல்லாப் போதைப் பொருளிலும் பெரியவர்கள்தான் அதிகம், ஒன்றைத் தவிர. முகர்ந்து இழுக்கும் பொருள்களில் மட்டும் பிள்ளைகள் பெரியவர்களைத் தாண்டி நிற்கிறார்கள்: 10 முதல் 17 வயதுக்குள் 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58. உதவி தேவைப்படும் நிலையில் இருக்கும் பிள்ளைகள் மட்டும் 4.6 லட்சம். இதுவரை ஒரு டிவி விவாதத்தில்கூட 'வைட்னர்' என்று கீழே ஓடி நான் பார்த்ததில்லை.

என் வகுப்பில் நடந்தது கொரோனாவுக்கு அப்புறம் ஸ்கூல் திறந்த வருஷம். ஒன்பதாவது படிக்கும் பையன், அமைதியானவன், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவன் கைக்குட்டை எப்போதும் கையிலேயே இருந்தது. ஒரு மூலை மட்டும் கஞ்சி போட்டது மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். பக்கத்தில் போனால் நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை. "சளியாடா?" என்றேன். "ஆமா மிஸ்" என்றான். உதட்டைச் சுற்றிச் சின்னச் சின்னப் புண், வெயிலுக்கு வந்திருக்கும் என்று நினைத்தேன். ஜியாமெட்ரி பாக்ஸில் இரண்டு வைட்னர் பாட்டில் இருந்தது. எத்தனை பொறுப்பான பையன் என்றுகூட நினைத்தேன். பிறகு ஒருநாள் அவன் கணக்கு நோட்டைத் திருத்தும்போதுதான் உறைத்தது, ஒரு பக்கத்திலும் வைட்னர் போட்ட தடமே இல்லை, தப்பாக எழுதியதை எல்லாம் கோடு போட்டுத்தான் அடித்திருக்கிறான்.

அவன் அம்மாவுக்கு ஏற்கெனவே சந்தேகம் இருந்திருக்கிறது. அதே வாரம் டிவியில் கப்பல் செய்தி ஓடிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்துப் பயந்து மகன் பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்திருக்கிறார். "பவுடர், மாத்திரை எதுவும் இல்ல மிஸ், நல்லாப் பாத்துட்டேன், புக்கு, டப்பா, வைட்னர் அவ்வளவுதான்" என்று என்னிடம் சொன்னார். கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்திருக்கிறார். அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, நானும் அதையேதான் இரண்டு மாதம் செய்தேன்.

அது உடம்பில் என்ன செய்யும்?

அதில் இருக்கும் கரைப்பான், டொலுவீன் மாதிரி, மூச்சு வழியாக நேராக மூளைக்குப் போகிறது. மயக்கம் சில நிமிஷத்தில் தெளிந்துவிடுவதால் திரும்பத் திரும்ப இழுக்கிறார்கள். தொடர்ந்தால் ஞாபகசக்தி, நரம்பு, ஈரல், சிறுநீரகம் எல்லாம் கெடும். இதைவிடப் பயங்கரமானது ஒன்று உண்டு, இதயத் துடிப்பு தாறுமாறாகி முதல் தடவையிலேயே பிள்ளை போய்விடலாம். இழுத்துக்கொண்டிருக்கும் பிள்ளையைத் திடீரென்று கத்தி மிரட்டினாலோ துரத்தினாலோ அந்த ஆபத்து இன்னும் அதிகம், ஏற்கெனவே தடுமாறும் இதயத்தில் பயம் வந்து மோதுகிறது. அதனால் கையும் களவுமாகப் பார்த்தாலும் ஓடாதீர்கள், கத்தாதீர்கள். மெதுவாகக் கிட்டே போய், துணியை வாங்கி, காற்றாட உட்கார வையுங்கள். திட்டுவதற்கு நாளைக்கு நேரம் இருக்கிறது.

பாட்டிலில் வரும் வைட்னரையும் தின்னரையும் விற்கக்கூடாது, பேனா மாதிரி வருவது மட்டும் சரி என்று 2012-லேயே மத்திய அரசு உத்தரவு போட்டது. அந்தப் பையனுக்கு 2021-ல் பாட்டில் கிடைத்தது ஸ்கூலுக்கு எதிரில் இருந்த கடையில்.

2022-ல் பெங்களூரு ஸ்கூல்களில் பை சோதனை செய்து என்னென்னவோ எடுத்தார்களே?

அந்த நவம்பர் கடைசியில் நடந்தது. செல்போன் கொண்டுவருகிறார்கள் என்று புகார் வந்ததால் தனியார் பள்ளி நிர்வாகங்களின் சங்கம் சொல்லி, எட்டு, ஒன்பது, பத்தாவது பிள்ளைகளின் பைகளைத் திறந்து பார்த்தார்கள். ஆணுறை, கருத்தடை மாத்திரை, சிகரெட், லைட்டர், வைட்னர், அதிகப்படியான பணம் என்று பட்டியல் வந்தது. நாடு முழுக்க எல்லாச் சேனலிலும் எதைத் தலைப்பாகப் போட்டார்கள் என்று உங்களுக்கே தெரியும். அன்றைக்கு என் வாசலில் நின்ற அத்தனை அம்மாக்களும் ஆணுறை பற்றித்தான் பேசினார்கள். அந்தப் பட்டியலில் இதயத்தை நிறுத்தக்கூடிய பொருள் எது என்று யாரும் கேட்கவில்லை. பிள்ளைகளைப் பற்றிய செய்தியில் எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான், மானத்தைப் பற்றிப் பேச நேரம் இருக்கிறது, உயிரைப் பற்றிப் பேச நேரம் இல்லை.

பை சோதனையால் என்ன பயன் என்றால், பொருள் பையிலிருந்து சாக்ஸுக்குப் போகும். அவ்வளவே.

இதெல்லாம் ஏழைப் பிள்ளைகள், ஸ்லம் பிள்ளைகள் பிரச்சினை இல்லையா?

கேமரா ஒன்று கப்பலுக்குப் போகிறது, இல்லாவிட்டால் குப்பை பொறுக்கும் பிள்ளைகள் தூங்கும் மேம்பாலத்தடிக்குப் போகிறது. நடுவில் இருக்கும் நம்மை மாதிரி வீடுகளை அது காட்டுவதில்லை, அதனால் நமக்கும் இது நம் வீட்டுச் சமாச்சாரம் இல்லை என்ற நினைப்பு. இந்தச் செய்திகளில் சில ஏரியாப் பெயர்கள் அடிபட்டு அடிபட்டு, அந்த முகவரி சொன்னாலே வேலை கொடுக்கத் தயங்குகிறார்கள். அங்கே எதையும் தொடாத பிள்ளைகளும்தான் அந்தப் பெயரைச் சுமக்கிறார்கள். என் அனுபவத்தில் வசதி இருக்கும் வீட்டில் பொருள் மாறுகிறது, விலை மாறுகிறது, யாராவது கண்டுபிடிக்க ஆகும் நாள் நீளுகிறது. தனி ரூம், கதவைச் சாத்தினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

சினிமாவைப் பார்த்துத்தான் கெடுகிறார்களா?

முழுக்க அப்படிச் சொல்ல மாட்டேன். 2012 அக்டோபர் 2 முதல் புகைக்கும் காட்சி வந்தால் திரையில் எச்சரிக்கை ஓட வேண்டும் என்று விதி இருக்கிறது, பிள்ளைகள் அந்த வாசகத்தையே பாட்டு மாதிரி சொல்லிக் கிண்டல் செய்கிறார்கள். சினிமா செய்கிற தப்பு வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. போதைப் பழக்கத்தில் இருப்பவன் என்றால் கண் சிவந்து, தலை கலைந்து, கத்தியை எடுத்துக் குத்துகிறவன் என்றே காட்டுகிறார்கள். கையெழுத்து அழகாக எழுதும், மிஸ் கேட்டால் "ஆமா மிஸ்" என்று பணிவாகச் சொல்லும் பையனை எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. அந்தப் பையனும் தன்னை அந்தப் படத்தில் பார்ப்பதில்லை. "நான் அப்படியெல்லாம் இல்லையே" என்றுதான் அவன் எங்களிடம் முதலில் சொன்னான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? யூரின் டெஸ்ட் கிட் ஆன்லைனில் கிடைக்கிறதே?

கிட் வாங்காதீர்கள். வைட்னர், தின்னர் எல்லாம் சாதாரண கிட்டில் தெரியாது, புகையிலை பெரும்பாலான கிட்டில் சோதிப்பதே இல்லை. 'இல்லை' என்று வந்தால் நீங்கள் ஏமாறுவீர்கள், 'ஆமாம்' என்று தப்பாக வந்தால் பிள்ளை ஜென்மத்துக்கும் உங்களை நம்பாது. சில இருமல், சளி மருந்துகூடத் தப்பான முடிவு காட்டும்.

கவனிக்க வேண்டியவை: துணியில், மூச்சில் பெயின்ட் வாடை. வாயைச் சுற்றிப் புண். தேவைக்கு மேல் வைட்னர், பெவிகால் மாதிரி இல்லாமல் காட்டமாக வாடை அடிக்கும் பசைகள். சில்லறை காணாமல் போவது. நண்பர் கூட்டம் ஒரே மாதத்தில் முழுசாக மாறுவது. பிடித்த விளையாட்டைத் திடீரென்று விடுவது. ஆனால் எரிச்சல், கதவைச் சாத்துவது, சரியாகச் சாப்பிடாதது, இதெல்லாம் அந்த வயதுக்கே உரியது. அதை மட்டும் வைத்துச் சந்தேகப்பட்டால் வீட்டுக்கு வீடு சந்தேகப்பட வேண்டியிருக்கும்.

கண்டுபிடித்துவிட்டேன். அடித்து, ஊருக்கு, பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடலாமா?

நம் ஆட்கள் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான், திருப்பத்தூரோ கிருஷ்ணகிரியோ திருவண்ணாமலையோ, பஸ் ஏற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று. அந்தப் பையனின் அப்பாவும் டிக்கெட் எடுத்துவிட்டார். ஊரிலும் ஸ்டேஷனரிக் கடை இருக்கிறது, மெடிக்கல் இருக்கிறது, டாஸ்மாக் இருக்கிறது. பாட்டிக்கு இதைப் பற்றி எதுவும் தெரியாது, பிள்ளைக்கு அங்கே பேச ஆளும் கிடையாது, நடுவில் ஸ்கூலும் போய்விடும்.

அவனை நாங்கள் எங்கும் அனுப்பவில்லை. முதலில் அம்மா வைட்னரைத் தூக்கி எறிந்தார். பத்து நாள் கழித்து மறுபடி அதே வாடை. அப்புறம்தான் நிமான்ஸ் போனோம். அங்கே கவுன்சலர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் வேறு என்ன இருக்கிறது?" அவன் அப்பா பெயின்டர். பாத்ரூம் பக்கத்தில் ஐந்து லிட்டர் தின்னர் கேன் எப்போதும் நிற்கும், பத்து வருஷமாக அங்கேயே நிற்பதால் யார் கண்ணிலும் படவில்லை. அன்றே அப்பா கேனை எடுத்துப்போய் மேஸ்திரியின் குடோனில் வைத்தார். இரண்டாவது கேள்வி, "எப்போது இழுக்கத் தோன்றுகிறது?" ஆன்லைன் வகுப்பு நடந்த வருஷம் வீட்டில் ஒரே போன், அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். திரும்ப ஸ்கூலுக்கு வந்தபோது கணக்கும் சயின்ஸும் ஒன்றுமே புரியவில்லை, கேட்கவும் வெட்கம். வகுப்பில் உட்காரும்போதுதான் தோன்றும் என்றான். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, புரியவில்லை என்று சொல்வதற்காகத்தானே என்னிடம் டியூஷனுக்கு வந்தான்?

அதன் பிறகு எட்டாவது கணக்கிலிருந்து அவனுக்குத் தனியாக ஆரம்பித்தேன். இடையில் இரண்டு தடவை மறுபடி தொட்டான், இரண்டாவது தடவை அவனே வந்து சொன்னான். பத்தாவது பாஸ் செய்து, இப்போது ஐ.டி.ஐ. முடித்து வேலைக்குப் போகிறான். இதை எழுதலாமா என்று கேட்டுத்தான் எழுதுகிறேன்.

ஸ்கூலுக்குத் தெரிந்தால் டி.சி. கொடுத்துவிடுவார்களா? போலீஸ் கேஸ் ஆகுமா?

எட்டாவது முடிக்கும் வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக்கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம், 2009, சொல்கிறது. அடிப்பதையும், மனம் நோகப் பேசி வதைப்பதையும் அதே சட்டம் தடுக்கிறது. ஒன்பது, பத்துக்கு அந்தப் பாதுகாப்பு நேரடியாக இல்லை, அங்கே பேசித்தான் ஆக வேண்டும். போகும்போது டாக்டரைப் பார்த்த சீட்டோடு போங்கள், கெஞ்சுவதைவிட அது பலன் தரும்.

புகையிலை, வைட்னர் பயன்படுத்தியதற்குப் பிள்ளைமேல் போதைப்பொருள் தடுப்புச் சட்ட வழக்கு கிடையாது. கஞ்சா போன்றவை அந்தச் சட்டத்தில் வருகின்றன, ஆனால் 18 வயதுக்குள் என்றால் சிறார் நீதி வாரியம்தான் பார்க்கும், ஜெயில் இல்லை. தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுப்பவருக்கு அந்தச் சட்டத்தின் 64ஏ பிரிவு பாதுகாப்பும் தருகிறது. மறுபக்கம், பிள்ளைக்குப் புகையிலை, மது, போதைப்பொருள் கொடுத்தவருக்குச் சிறார் நீதிச் சட்டம் 77-வது பிரிவில் 7 வருஷம் வரை கடுங்காவல், 1 லட்சம் வரை அபராதம். பிள்ளையை வைத்து விற்க வைத்தால் 78-வது பிரிவு, அதே தண்டனை. கடைக்காரரிடம் பேசப் போகும்போது 77 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையின் பெயர், படம், ஸ்கூல் செய்தியில் வந்துவிட்டால்?

வரக்கூடாது. சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு அதைத் தடுக்கிறது, மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். முகத்தை மங்கலாக்கிவிட்டு ஸ்கூல் போர்டைக் காட்டுவதும் தப்புதான், தெருவில் இருப்பவர்களுக்கு அது போதும் அடையாளம் தெரிய. அப்பார்ட்மென்ட் குரூப்பில் சிசிடிவி வீடியோவைப் போட்டு "இவன் யார் பையன்?" என்று கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

எங்கே போவது? தமிழில் பேசினால் புரியுமா?

ஓசூர் ரோடில் நிமான்ஸ் இருக்கிறது, அங்கே போதைப் பழக்கத்துக்கென்றே தனி மையம் இயங்குகிறது. தமிழ் பேசுகிறவர்கள் கிடைப்பார்கள், போகும்போதே கேட்டுவிடுங்கள். போனில் என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம், காசு இல்லை. மத்திய அரசின் போதை மறுவாழ்வு உதவி எண் 14446. பிள்ளையே தனியாகப் பேச விரும்பினால் குழந்தைகள் உதவி எண் 1098.

'மறுவாழ்வு மையம்' என்று போர்டு போட்டு, வீட்டுக்கு வண்டி அனுப்பிக் கூட்டிப்போகிறோம் என்று சொல்லும் இடங்களில் ஜாக்கிரதை. பூட்டி வைத்து அடிக்கும் இடங்களும் அவற்றில் உண்டு. பெரும்பாலான ஸ்கூல் பிள்ளைகளுக்கு உள்ளே சேர்க்க வேண்டிய அவசியமே வராது, வீட்டிலிருந்தே வந்து போனால் போதும். எங்கள் பையனும் அப்படித்தான், சனிக்கிழமை சனிக்கிழமை அம்மாவோடு பஸ்ஸில் போய் வந்தான்.

கூட இருக்கும் பையன் மயங்கி விழுந்துவிட்டால் என்ன செய்வது? (இதை ஒரு மாணவன் கேட்டான், அவனுக்கே பதில் எழுதுகிறேன்)

ஓடிப்போகாதே தம்பி. மாட்டிக்கொள்வோமே என்ற பயம் வரும், வந்தாலும் நில். துணி, பாட்டில், கவர் எதுவானாலும் அவன் முகத்திலிருந்து எடு. காற்று வரும் இடத்துக்கு மெதுவாக நகர்த்து. மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வை, வாந்தி எடுத்தால் மூச்சுக்குழாயில் போகாமல் இருக்கும். கன்னத்தில் அறையாதே, தண்ணீர் ஊற்றாதே, வாயில் எதையும் கொடுக்காதே. 108-க்கு அடி. மூச்சு இல்லை என்றால் அதையும் சொல், நெஞ்சை எப்படி அழுத்துவது என்று போனிலேயே கேள். வண்டி வந்ததும் என்ன இழுத்தான், எவ்வளவு நேரம் ஆகிறது என்று உண்மையைச் சொல்லிவிடு, டாக்டருக்கு அது தெரிந்தாக வேண்டும். அப்புறம் எனக்கு ஒரு போன் போடு, எத்தனை மணியானாலும் சரி, நான் வருகிறேன்.